பூனைக்கென்று கட்டியது

நான் வாழ்க்கைப்பட்டுப் போன தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் வளைந்து ஏறும் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க நடக்க வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது கொத்மலைப் பக்கம். அங்கேயும் மழை உண்டு, பனி உண்டு. ஆனால் இடையில் வெயிலும் எட்டிப் பார்க்கும். இங்கே ஆனி மாதத்தில் தாலி கட்டிக்கொண்டு வந்த எனக்கு ஆவணி பிறக்கும்வரை துவைத்த சேலை ஒழுங்காகக் காயவில்லை.

லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் எங்களுடையது கடைசிக் காம்பரா. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. மறுபக்கம் சாக்குத் திரை கட்டி எங்கள் இருவருக்கும் ஒரு மறைவு. அறைக்கு முன்னால் அரைச்சுவருக்கு மேல் பலகை அடித்த சின்ன இஸ்தோப்பு. மாமனார் அங்கே படுத்துக்கொள்வார். மாமியார் கிடையாது. என் வீட்டுக்காரர் நடை பழகும் வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு மாமனார்தான் சோறாக்கிப் போட்டு, மகனுக்குத் தலை சீவிவிட்டு, வேலைக்கும் போய் வந்திருக்கிறார். கவ்வாத்து வெட்டுவதில், அதாவது வளர்ந்த தேயிலைச் செடியைத் தரித்துவிடுவதில், அவரைப் போல் கை ஓடுகிறவர் அந்தத் தோட்டத்திலேயே இல்லை என்பார்கள். நான் போனபோது பேர் வெட்டி, வேலையிலிருந்து நின்று, வீட்டோடு இருந்தார். பேச்சு மிகக் குறைவு. என்னை "புள்ள" என்று கூப்பிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதற்குள் எனக்கு அடுப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

அவர் அதிகமாகப் பேசியது பூனையோடுதான். கறுப்பும் வெள்ளையுமாக, முகத்தில் ஒரு பக்கம் மை சிந்தியது போல இருக்கும். வயதான பெட்டைப் பூனை. "கெழவி" என்றுதான் அழைப்பார். கீழ் லயத்தில் ஒரு நாயைச் சிறுத்தை தூக்கிப் போனதிலிருந்து பொழுது சாய்ந்தால் அதை வெளியே விடமாட்டார். அதற்காக ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல்பாதியை வெட்டியெடுத்து, கீழ்ப்பாதியில் அடுப்புச் சாம்பலை நிரப்பி, இஸ்தோப்பு மூலையில் வைத்திருந்தார். பூனை எட்டிக் குதித்து உள்ளே போகும். வேலையை முடித்து, சாம்பலைக் காலால் இழுத்து மூடிவிட்டு வரும். காலையில் அவரே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் புதுச் சாம்பல் போடுவார். பல வருடங்களாக அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் வந்து கொஞ்ச நாளில் அது தகரத்தை விட்டுவிட்டது.

முதலில் மாட்டியது என் கம்பளி. மழையில் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையிலிருந்து முதுகு வரை மூடிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. இஸ்தோப்பில் மடித்து வைத்திருந்ததை விடியற்காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக மூக்கைச் சுளித்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்காதான் குனிந்து முகர்ந்து பார்த்தவள்.

"அடிப் பாவி, பூனை மூத்திரம்டி."

அன்று முழுவதும் மழை. கம்பளி நனைய நனைய நாற்றம் கிளம்பியது. நான் கொழுந்து பறித்த நிரைக்கு இரண்டு பக்கமும் யாரும் நெருங்கி வரவில்லை. சாயங்காலம் திரும்பும்போது அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "புது மருமகள அதுக்குப் புடிக்கல போல. இவ்வளவு நாளா அந்த வீட்டுல அதுதானே ராணி."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. ஊர் புதிது, வீடு புதிது. பேசாத மாமனார். ஸ்டோரில், தேயிலை ஆலையில், கொழுந்து அரைத்துவிட்டு அசந்துபோய் வரும் புருஷன். ஒரு பூனைக்குக்கூட நான் வேண்டாதவளா என்று அன்று அடுப்பை ஊதியபடியே அழுதேன். புகையில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அழுகையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சாம்பலைச் சலித்து, கரித்துண்டு இல்லாமல் போட்டேன். பிடிக்கவில்லை. ஓடையிலிருந்து மணல் அள்ளி வந்து, அடுப்பு மேட்டில் காயவைத்துக் கொட்டினேன். வந்து முகர்ந்து பார்த்தது, ஒரு முன்காலைத் தகர விளிம்பில் வைத்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது, போய்விட்டது. பக்கத்து அக்கா, அசிங்கம் செய்த இடத்தில் அதன் மூக்கை வைத்துத் தேய்க்கச் சொன்னாள். அந்த வயதான முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் அதைச் செய்ய முடியவில்லை. மிளகாய்த்தூள் தூவச் சொன்னாள். தூவினேன். மாமனார் தும்மியதுதான் மிச்சம்.

சாக்கு, விறகு, மாமனாரின் பாய் என்று நனையாத பொருள் இல்லை என்றாகிவிட்டது. என் கம்பளியை உயரக் கொடியில் போட்டுவைத்தேன். ஒரு நாள் அது கொடியிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடியும் அதே கதை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் சோளமாவு சலித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அக்கா ஓடிவந்தாள்.

"புள்ள, பீலிக்கரையில வந்து பாரு. ஒன் மாமனாரு ஒன் கம்பளிய தொவைக்கிறாரு."

பீலி என்பது லயத்துக் கோடியில் மலைத்தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் இடம். குளிப்பது, துவைப்பது எல்லாம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெண்கள் கூட்டமாக இருக்கும். மருமகளின் துணியை மாமனார் தொடுவதே அந்தக் காலத்தில் கூடாத காரியம். நான் போனபோது பெண்கள் எல்லாரும் துவைப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டியபடி, கம்பளியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார்.

"குடுங்க மாமா, நான் தொவைக்கிறேன்" என்றேன். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அவர் நிமிரவில்லை. "பூனை என்னோடது. அது செஞ்சத நான்தானே கழுவணும்" என்றார். பிறகு, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போலச் சற்று உரக்க, "மழைக்குள்ள போய் நின்னு ஒழைக்கிற புள்ள. நாத்தத்தோட போகலாமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகப் பிழிந்தோம். அவர் கல்லைவிட்டு எழுந்திருக்கும்போது கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் அப்போது அதைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை.

மழை வலுத்தது. இஸ்தோப்பின் நாற்றமும் வலுத்தது. என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டோரில் நாள் முழுக்கத் தேயிலை வாசத்தில் நின்றுவிட்டு வருகிற ஆள். வாசலில் கால் வைத்ததும் முகம் மாறும்.

"வாற ஞாயித்துக்கிழமை ஹட்டனுக்குக் கொண்டுபோய் மீன் கடைப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்" என்றார் ஒரு நாள். "அங்க அதுக்குச் சாப்பாட்டுக்குக் கொறையிருக்காது."

மாமனார் பூனையை மடிக்கு இழுத்துக்கொண்டார். நான் தேநீர் நீட்டினேன். "வேணாம் புள்ள, நெஞ்செரிச்சலா இருக்கு" என்று கோப்பையைத் தள்ளிவைத்தார். சாயங்காலத் தேநீரை அவர் தொட்டு வெகு நாளாகியிருந்தது. இராச் சோற்றுக்குப் பிறகும் ஒரு வாய் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார். வயதானவர், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நானும் நினைத்திருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், மலையில் நிற்க முடியாத காற்றும் மழையும். மத்தியானத்தோடு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். நான் நனைந்துகொண்டு பின்பக்கக் குறுக்குப் பாதையில் வந்தேன். லயத்துக் கக்கூசு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருந்தது. லயத்திலிருந்து அங்கே போகக் கல்லை வெட்டிய படிகள். மழைக்காலத்தில் அவற்றில் பாசி ஏறி, எங்களைப் போன்ற இளசுகளே பக்கவாட்டில் கால் வைத்துத்தான் இறங்குவோம்.

அந்தப் படியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

தலையில் சாக்கு. ஒரு கையில் கம்பு. மறுகையில் பக்கத்துத் தேயிலைச் செடியின் கிளை. ஒரு காலை அடுத்த படிக்கு நீட்டினார். முழங்கால் மடங்க மறுத்தது. காலை இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். ஆனால் எந்த மருமகள் மாமனாரைக் கக்கூசுக்குக் கைபிடித்து அழைத்துப் போவாள்? எந்த மாமனார் அதைத் தாங்குவார்? சவுக்கு மரத்தின் பின்னால் நின்றுவிட்டேன். அவர் அங்கேயே வெகு நேரம் நின்றார். பிறகு மெல்லத் திரும்பி, போகாமலேயே மேலே ஏறி வந்தார். அவர் வேட்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் உள்ளே போய் நிதானமாகட்டும் என்று காத்திருந்து, வாசலுக்கு வரும் முன்பே பலமாக இருமிக்கொண்டு போனேன். வேறு வேட்டி கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஈரமான ஒரு சாக்கு சுருண்டு கிடந்தது.

"கெழவி நனைச்சிருச்சு புள்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கிழவி அடுப்பு மேட்டில் சுருண்டு நல்ல தூக்கத்தில் இருந்தது.

"மழைன்னா அதுக்கு இப்படித்தான் மாமா. குடுங்க" என்று சாக்கை வாங்கிக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல், "சனியன்" என்று பூனையையும் ஒரு வார்த்தை திட்டிவைத்தேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதே மத்தியானம் பூனை எழுந்து வந்தது. சோம்பல் முறித்தது, பின்கால்களில் ஒன்றை இழுத்தாற்போல வைத்து நடந்து தகரத்தின் பக்கம் போனது. நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தேன். முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்தது. பின்கால்களால் உந்தப் பார்த்தது. உடம்பு பாதிதான் எழும்பியது. நகம் தகரத்தில் கிறீச்சென்று கேட்க, வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு முறை. அப்போது அதன் தொண்டையிலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்ற இடமாகத் தேடி, விறகு மேல் கிடந்த சாக்கில் ஏறி உட்கார்ந்தது.

சாம்பலும் காரணமில்லை, நானும் காரணமில்லை. அதற்கு வயதாகிவிட்டது. அந்த விளிம்பை அதனால் தாண்ட முடியவில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமனாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றார். பூனை மாமனாரின் மடியில் இருந்தது.

"குடுங்கப்பா. நேரத்தோட போனாத்தான் பஸ்ஸைப் புடிக்கலாம்."

மாமனார் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.  "இந்தாப்பா," என்றார் கடைசியில், "எல்லாத்தையும் அது மட்டும் செய்யல. நானும் ஒன்கிட்ட ஒரு விசயம்..."

அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பூனையைக் காப்பாற்ற, தன் மானத்தை மகன் முன்னால் எடுத்து வைக்கப்போகிறார். அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் பிறகு அவர் இந்த வீட்டில் நிமிர்ந்து உட்காரமாட்டார். நான் அதுவரை என் புருஷனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

"பூனை எங்கயும் போகாது" என்றேன். "எனக்கு அது வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாத்தம் நாத்தம்னு ராவெல்லாம் பொலம்புனது நீதானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொலம்பினேன். இப்ப வேணும்ங்கிறேன். கோவாத் தோட்டத்துக்குக் கொஞ்சம் வாங்க, மூட்டை ஒன்னு தூக்கணும்."

லயத்துக்குப் பின்னால் எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் காய்கறிப் பாத்தி உண்டு. எங்களுடையதில் கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்ஸும் போட்டிருந்தோம். அங்கே தூக்க மூட்டை ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்பா சாயந்தரம் ஏன் தேத்தண்ணி குடிக்கிறதில்லன்னு தெரியுங்களா?"

"நெஞ்செரிச்சல்னாரே."

"படி எறங்க முடியலைங்க. தண்ணி குடிச்சா போக வேண்டியிருக்கும்னு குடிக்கிறதில்ல."

நான் பார்த்ததைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். வேட்டியைச் சொல்லவில்லை, அவருக்கே விளங்கிவிட்டது. கையிலிருந்த பையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் பிறகு. 

"எப்படிங்க சொல்லுவாரு? உங்களுக்குக் கால் கழுவிவிட்டு வளத்தவரு."

அவர் பள்ளத்துப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் தெனமும் அந்தப் படியிலதானே போய் வாறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று அவர் ஹட்டனுக்குப் போகவில்லை. நல்ல சட்டையைக் கழற்றிவிட்டு முதலில் பூனையின் தகரத்தைக் கையில் எடுத்தார். ஒரு பக்கத்தைக் கிட்டத்தட்டத் தரை மட்டத்துக்கு வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பைச் சுத்தியலால் மடித்துத் தட்டினார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து தகரத்தைப் பிடித்துக்கொண்டார். சாம்பலைப் பரப்பி வைத்தோம். பூனை வந்தது, முகர்ந்தது, சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல உள்ளே கால் வைத்து, எங்கள் மூவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாம்பலை அது இழுத்து மூடும் சத்தம் கேட்டதும் மாமனார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மற்ற வேலை மறுவாரம் தொடங்கியது. ஸ்டோரில் கழித்துப் போட்ட உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து வந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் காம்பராதான் கடைசி என்பதால் பக்கத்தில், படியே இல்லாத சமதரையில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஆழமாகக் குழி தோண்டி, மேலே பலகை போட்டு, நாலு பக்கமும் அடைத்து, தகரக் கூரை வைத்தார். பக்கத்தில் ஒரு டின்னில் சாம்பல். உள்ளே இடுப்பளவில், பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு வழவழப்பான சவுக்குக் கட்டை.

மாமனார் கம்பை ஊன்றி வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"பூனைக்குத்தான்ப்பா" என்றார் மகன், ஆணி அடித்தபடியே. "மழைக்காலம் பாருங்க."

அவர் உள்ளே தலையை நீட்டினார். "பூனைக்கு எதுக்குடா புடிச்சு எழும்பக் கட்டை?"

"சும்மா இருக்கட்டுமேப்பா."

மாமனார் அந்தக் கட்டையைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். "ஆடுது. இன்னொரு ஆணி அடி" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் வைத்த தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையை மறுபடியும் நீட்டினார்.

தோட்டத்தில் ஒரு பலகை அடிப்பதற்கும் உத்தரவு வேண்டும். லயம் பார்க்க வந்த கண்டாக்கு ஐயா, எங்கள் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி, அதன் முன்னால் நின்றுவிட்டார். 

"இது யாரைக் கேட்டுக் கட்டினது?"

"பூனைக்குங்க ஐயா" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பூனைக்கா? இவ்வளவு பெரிசா?"

"வயசான பூனைங்க."

அவர் என்னைப் பார்த்தார். இஸ்தோப்பில் எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார். ஐயா சிறு வயதில் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது மாமனார் கவ்வாத்துக் கத்தியோடு முன்வரிசையில் நின்றவர். "உக்காருங்க, உக்காருங்க" என்று கையைக் காட்டினார். என்னிடம் திரும்பி, "கூரைத் தகரத்துக்கு மேல கல்லு வைங்க. காத்துக்குப் பறந்திடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்து அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் காலில் வீக்கம். "மழை விடுற வரைக்கும்..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. அதன் பிறகு நடக்க முடியாதவர்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள், நிறைமாதக்காரிகள் என்று எல்லாருக்கும் அது இடமாயிற்று. லயத்தில் அதற்குப் பெயரே பூனை வீடு. "பூனை வீட்டுக்குப் போய்ட்டு வாறேன்" என்று பெரியவர்கள் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு போவார்கள். சாம்பல் மட்டும் மாமனார்தான் போடுவார். அந்த வேலையை யாரிடமும் விடவில்லை. பூனை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த தை மாதப் பனியில் பூனை இறந்தது. ஒரு காலையில் அடுப்பு மேட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. மாமனார் அதைத் தன் பழைய துண்டில் சுற்றி, கோவாப் பாத்தி ஓரத்தில் புதைத்தார். அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து, ஓரத்தில் ஒரு பிடி ஒதுக்கி வைத்தவர், அப்படியே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவர் அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்கரை வரை நடக்கும் அளவுக்கு நன்றாகவே இருந்தார்.

அந்தப் பிள்ளை என் வயிற்றில் நிறைந்திருந்த மாதம்தான் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. மறுபடியும் ஆனி மழை. என் வீட்டுக்காரர் ஸ்டோருக்குப் போயிருந்தார். எனக்குப் பத்தடி நடப்பதே பாடாக இருந்தது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பியதும் மாமனார் ஒன்றும் கேட்காமல் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பூனை வீட்டுக்கு எட்டத்தில், எனக்கு முதுகைக் காட்டி, மலைப் பக்கம் பார்த்து நின்றுகொண்டார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் தொண்டையைச் செருமுவார். நான் வெளியே வந்ததும் திரும்பிப் பார்க்காமலேயே நடக்கத் தொடங்கினார். தண்ணீர் ஓடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் நின்று, பின்னால் கம்பை நீட்டினார். நான் அதைப் பிடித்துத் தாண்டிய பிறகு, மறுபடியும் முன்னால் நடந்தார்.